அண்ணா போடாத இரண்டு மதிப்பெண்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் எங்கள் அண்ணாவிடம் படித்தவர்கள், திட்டும் வாங்கியவர்கள். அவர் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும்படி மன்னி என்னைக் கேட்டார். உள்ளதை உள்ளபடிதான் எழுதுவேன் என்றேன். "அதுக்குத்தானே உன்கிட்ட சொன்னது" என்றார்.

அண்ணா பிறந்தது மட்டாஞ்சேரியில். அப்பா ஒரு குறுமிளகுக் கிடங்கில் குமாஸ்தா. அண்ணா எர்ணாகுளத்தில் கணித எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். காலையும் மாலையும் டியூஷன் எடுத்து, படிப்பையும் முடித்து, அம்மாவையும் பன்னிரண்டு வயது இளையவனான என்னையும் அவர்தான் காப்பாற்றினார்.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகளில், வெல்லிங்டன் தீவிலிருந்த கடற்படைப் பயிற்சித் தளத்தில் அவருக்கு சிவிலியன் ஆசிரியர் வேலை கிடைத்தது. கல்லூரிப் பட்டத்தோடு அதிகாரிப் பயிற்சிக்கு வந்து சேரும் இளைஞர்களுக்கு, வரைபடத்தில் கப்பலுக்கு வழி குறிக்கச் சொல்லித்தர வேண்டும். வரலாறும் தாவரவியலும் படித்துவிட்டு வருகிறவர்களை ஆறு மாதத்தில் தேற்றியாக வேண்டும். அண்ணாவோ கடலில் போனதே இல்லை. தினமும் தீவுக்குப் போகும் போட்டிலேயே கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். "கப்பல் கேறாத கப்பல் வாத்தியார்" என்று உறவினர்கள் கிண்டல் செய்வார்கள். அண்ணாவும் சேர்ந்து சிரிப்பார். வகுப்பில் மட்டும் சிரிப்புக்கு இடமில்லை. பென்சில் முனை மழுங்கியிருந்தால் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பி.எஸ்ஸி. முடித்து, நானும் தேர்வாகி அதே தளத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் அவரை 'சார்' என்றுதான் அழைப்பேன். என் தாளை வேறு யாராவது திருத்தட்டும் என்று அண்ணா மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். வேறு ஆள் இல்லை என்று பதில் வந்தது.

இறுதித் தேர்வில் வழியைச் சரியாகவே வரைந்தேன். ஆனால் திசைகாட்டி முள் வடக்கிலிருந்து சற்று மேற்கே விலகி நிற்கும். அந்த விலகலைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டேன். முதல் மாதத்துப் பாடம் அது. தேர்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது. இரண்டு மதிப்பெண் சேர்த்துத் தேற்றிவிட ஆசிரியருக்கு உரிமை உண்டு; அப்படிச் செய்வது வழக்கமும்கூட. அண்ணா போடவில்லை. என்னோடு வந்தவர்கள் அதிகாரிகளாகிக் கப்பலுக்குப் போனார்கள். நான் அடுத்த குழுவோடு மறுபடி உட்கார்ந்தேன். அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அண்ணாவுக்குச் சோறு போடவில்லை. மன்னிதான் பரிமாறினார்.

"கூடப் பொறந்தவனுக்கு ரெண்டு மார்க் இட்டா நோக்கு என்னடா குறைஞ்சு போயிடும்?" என்றார் அம்மா.

"இவன் எழுதின கணக்குல போனா கப்பல் நேரே பாறையில கேறும் அம்மா. அதுல எத்தனை ஆத்துப் பிள்ளைகள் இருப்பா?"

"ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் நீ பார்த்துக்கோ. இவனைப் பார்க்க ஆருமில்லை."

அண்ணா சாப்பிட்டு எழுந்தார். பிறகு ஆறு மாதம் நான் வகுப்புக்கு வெளியே அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிடிவாதத்தில் நான் யாருக்கும் சளைத்தவனல்ல.

அடுத்த தடவை தேறினேன். அணிவகுப்பு முடிந்ததும், அதிகாரிக்குரிய பட்டைகளைக் குடும்பத்தார் இருவர் ஆளுக்கொரு தோளில் பொருத்துவது வழக்கம். ஒரு தோளுக்கு அம்மாவை அழைத்தேன். மறு தோளுக்கு மாமாவை அழைத்தேன். அண்ணா ஆசிரியர்கள் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

கப்பலில் வழி குறிக்கும்போதெல்லாம் அந்த விலகலை மூன்று முறை சரிபார்ப்பேன். இதை அண்ணாவிடம் நான் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலையில் அவர் படுத்தபோது விடுப்பில் வந்தேன். ஒரு நாள் மாலை கேட்டே விட்டேன். "அன்னிக்கு அந்த ரெண்டு மார்க் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணா?"

"நீ கப்பல்ல போயிருப்பே. நான் உறங்கியிருக்க மாட்டேன்" என்றார்.

நான்காம் நாள் காலை அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்து நான்கு.

கடைசி வரை பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், முறைவைத்து வந்து உட்கார்ந்திருந்த அவருடைய மாணவர்களுக்கும், பதின்மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி.

இனி ஒருவருக்குத்தான் சொல்ல வேண்டும். அண்ணா, அன்று உங்களை அழைக்காதது வேண்டுமென்றேதான். அந்தத் தோள் உங்களுடையது.