ஸஹ்லா செய்த கொக்கான்

ஸஹ்லாவின் அண்ணன், அவள் நானா என்று கூப்பிடும் றிஸ்லானுக்குச் சுன்னத்து வைத்தபோது, சவூதியிலிருந்து வந்திருந்த மாமா ஒருவர் டிவி கேம் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். காத்தான்குடியில் அந்த ஒழுங்கையில் அதுதான் முதல் கேம் பெட்டி. புண் ஆறும்வரை றிஸ்லான் பாயில் சாய்ந்தபடி ஆடினான். ஆறிய பிறகும் ஆடினான். அவன் மதரசாவுக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் ஸஹ்லாவுக்கு முறை கிடைக்கும். அவள் ஆடியதைவிடப் பார்த்ததுதான் அதிகம். பொத்தானை அமுக்கினால் திரையில் நிற்கும் ஓணான் எப்படிப் பாய்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

"உள்ளுக்க ஒருத்தன் இரிக்கான். நான் சொல்றத அவன் கேக்கான்" என்றான் றிஸ்லான்.

"அவனுக்கு ஆரு சொல்லிக் குடுத்த?" என்று கேட்டாள் ஸஹ்லா. நானா அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினான்.

அவள் படித்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்து, கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினாள். பெரிய வீதியில் கைபேசி திருத்தும் கடை வைத்திருந்த ஸாஜித்தைக் கலியாணம் முடித்தாள். இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடு எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், அந்த நிறுவனம் அவளுடைய பிரிவையே மூடிவிட்டது.

வேலை இல்லாத ஸஹ்லா அலுமாரிகளை ஒழுங்குபடுத்தினாள். மறுநாள் அதே அலுமாரிகளைத் திரும்பவும் ஒழுங்குபடுத்தினாள். ஸாஜித் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் கடையிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். யாரோ திருத்தத் தந்துவிட்டு எடுக்க வராமல் போன டிவி கேம்.

"இத வெச்சு என்னயும் செய்ங்க. சும்மா இருந்தா உங்களுக்கு விசர் புடிச்சிரும்" என்றான்.

அதில் செருகியிருந்த ஆட்டக் கசற்றிலும் அந்த ஓணான் ஆட்டம்தான். ஸஹ்லா சிரித்துவிட்டாள்.

அவள் எழுதத் தொடங்கியது ஒரு எமுலேட்டர். பழைய பெட்டிக்குள் இருக்கும் சிப் என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் இன்றைய கணினிக்குள் மென்பொருளாகவே செய்துகாட்டுவது. அப்படி ஒன்று இருந்தால், பெட்டி பழுதானாலும் ஆட்டம் பிழைத்துக்கொள்ளும். வெளிநாடுகளில் பலர் இப்படிச் செய்திருந்தார்கள். அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளை வாசித்து வாசித்து, சிப் அறிந்த கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதினாள். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தால் பிள்ளைகள் எழும்பும்வரை அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள். மின்வெட்டு நேரங்களில் கடதாசியில் எழுதிப் பார்த்தாள்.

ஒரு காலையில் மடிக்கணினித் திரையில் ஓணான் வந்து நின்றது. தலைகீழாக நின்றது. பிழையைத் தேடி எடுத்தாள். ஓணான் நிமிர்ந்தது. பொத்தானை அமுக்கினாள். பாய்ந்தது. அடுக்களையிலிருந்து ஓடிவந்த ஸாஜித், அவள் ஏன் அழுகிறாள் என்று பயந்துபோனான்.

அதற்குக் கொக்கான் என்று பெயர் வைத்தாள். பெண்பிள்ளைகள் கல்லை மேலே எறிந்து, அது விழுமுன் நிலத்திலிருப்பதை வாரி எடுக்கிற அதே கொக்கான். இந்தச் சிப்பின் பாடும் அதுதான்: ஒரு படம் திரையில் போய் அடுத்த படம் வருவதற்குள் எல்லா வேலையையும் முடித்துவிடவேண்டும். பிறகு, தாங்களே புது ஆட்டம் எழுத விரும்புகிறவர்களுக்காக, எழுதிய கட்டளைகளைச் சிப்புக்குப் புரியும் மொழியாக்கித் தரும் கருவி ஒன்றைச் சேர்த்தாள். நடுவில் ஆட்டத்தை நிறுத்தி, சிப் இந்தக் கணத்தில் எதை ஞாபகத்தில் வைத்திருக்கிறது என்று காட்டும் இன்னொரு கருவியையும் செய்தாள். எல்லாவற்றையும் இலவசமாக இணையத்தில் போட்டாள். இதற்கிடையில் வேறொரு நிறுவனத்தில் அரைநாள் வேலையும் கிடைத்துவிட்டது.

கொக்கானைப் பலரும் எடுத்துப் பார்த்தார்கள். அல்மாட்டி நகரிலிருந்து தினாரா என்றொரு பெண் எழுதினாள்: "எங்கள் ஊரில் விற்ற பெட்டியில் இந்த ஓணான் ஆட்டம் நன்றாக ஓடும். உங்களுடைய கொக்கானில் திரையின் கீழ்ப்பாதி ஆடுகிறது. ஏன்?"

ஸஹ்லாவும் அதைக் கவனித்திருந்தாள். மேலே மரம், கீழே ஆறு. ஆறு தொடங்கும் இடத்தில் கோடு நடுங்கியது. அவள் வாசித்த குறிப்புகள் ஜப்பானில் விற்ற பெட்டியைப் பற்றியும் ஐரோப்பாவில் விற்றதைப் பற்றியும் இருந்தன. இலங்கைக்கு வந்ததோ இரண்டுமில்லாத நகல். நகல்களுக்குள்ளேயும் பல வகை. இங்கு வந்த நகலை யாராவது அளந்திருக்கிறார்களா என்று தேடினாள். ஒருவரும் அளந்திருக்கவில்லை. ஸாஜித் கொண்டுவந்த பெட்டியை அளக்கலாம் என்று எடுத்தபோது அது செத்திருந்தது. சிப்பை மூடி ஊற்றியிருந்த கறுப்புப் பசைக்கட்டியைக் காட்டி, "இதுக்குள்ள கை வெக்க ஏலா" என்றான் அவன்.

முகநூலில் கேட்டுப் போட்டாள். பலர் தங்கள் பழைய கதைகளை எழுதினார்களே தவிர பெட்டி யாரிடமும் இல்லை. கடைசியில் வவுணதீவிலிருந்து அஜந்தா என்பவள் எழுதினாள். "எங்கட சித்தி வீட்ட ஒண்டு இரிக்கு. நல்லா வேல செய்யுது. ஆனா தரமாட்டாங்க. ரெண்டு பேரும் தினமும் விளையாடுறவங்க. வேணுமெண்டா போய்ப் பாருங்க."

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளை உம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஸாஜித்தின் மோட்டார் சைக்கிளில் போனார்கள். மடிக்கணினியும், மறுபடி மறுபடி எழுதக்கூடிய வெற்றுக் கசற் ஒன்றும் பையில் இருந்தன. கசற்றை அனுப்பியவன் இப்போது டோகாவில் வேலை செய்யும் றிஸ்லான். வலையிறவுப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, அறுவடை முடிந்த வயல் வட்டை ஓரமாகப் போய், அஜந்தா சொன்ன கடையடியில் திரும்பினார்கள்.

அஜந்தாவின் சித்தப்பா நல்லரத்தினம் ஐம்பது வயதுக்காரர். வயல் செய்கிறவர். அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை எருமைப் பட்டியைப் பார்த்துக்கொள்கிறாள், தயிர் போட்டு விற்கிறாள். பிள்ளைகள் இல்லை. பின்னேரம் வேலை முடிந்ததும் இருவரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ஆளுக்கொரு முறை ஓணானைப் பாயவிடுவார்கள். தோற்றவர் தேத்தண்ணி ஊற்றவேண்டும். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தபோதும் அந்தப் பெட்டியை நெல்மூட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனார்களாம்.

"வாங்க, இரிங்க" என்று சீதேவிப்பிள்ளை கதிரைகளை இழுத்துப் போட்டாள். ஸாஜித் பையிலிருந்து திருப்புளியை எடுத்ததைக் கண்டதும் நல்லரத்தினத்தின் முகம் மாறியது.

"தம்பி, கழட்டுறதெண்டா வேணாம். பாக்கலாம், விளையாடலாம். கழட்ட விடமாட்டன்."

ஸாஜித் மனைவியைப் பார்த்தான். ஸஹ்லா, "கழட்டமாட்டம் அண்ணன். வெளியால இருந்தே அளக்கலாம்" என்றாள்.

அவள் அதற்கும் யோசித்துத்தான் வந்திருந்தாள். தன்னுடைய கருவியாலேயே ஒரு சிறு நிரல் எழுதிக் கசற்றில் ஏற்றியிருந்தாள். திரையில் ஒரு புள்ளி வரையப்படும் நேரத்திலிருந்து, படம் முடிந்தது என்று பெட்டி அறிவிக்கும் நேரம்வரை எவ்வளவு வேலை செய்ய முடிகிறது என்று சிப்பே எண்ணி, அந்த எண்ணைத் திரையில் காட்டும். கொக்கானில் அது சரியாக ஓடியது. உண்மைப் பெட்டியில் அவளுடைய நிரல் ஓடப்போவது இதுதான் முதல்தடவை.

கசற்றைச் செருகிப் பெட்டியின் மின் ஆளியைப் போட்டாள். திரை கறுப்பு.

"அதுக்கு ஊதணும் தங்கச்சி" என்று நல்லரத்தினம் கசற்றைக் கழற்றி வாயால் ஊதித் தந்தார். திரும்பவும் கறுப்பு. ஸாஜித் தொடுப்புகளைத் துடைத்தான். கறுப்பு. அவர்களுடைய கசற்றைப் போட்டால் ஓணான் உடனே வந்தது.

இத்தனை மாதம் எழுதியது எல்லாம் கணினிக்குள் மட்டும் ஓடுகிற பொய்தானோ என்று ஸஹ்லாவுக்குத் தோன்றியது. சீதேவிப்பிள்ளை தயிர்ச் சட்டியையும் தேனையும் கொண்டுவந்து வைத்தாள். "மொதல்ல இதச் சாப்பிடுகா. மறுகா பாப்பம்."

ஸஹ்லா சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, ஓணான் ஆட்டம் தொடங்கும் இடத்தைத் தன் கருவியில் நிறுத்தி, கட்டளை கட்டளையாகப் பார்த்தாள். ஓணான் ஆட்டத்தை எழுதியவன் ஆரம்பத்தில் ஒன்றும் செய்யாமல் சற்றுக் காத்திருந்தான். அவள் முன்பும் அதைப் பார்த்திருக்கிறாள், வேலையற்ற வேலை என்று நினைத்திருக்கிறாள். இப்போது விளங்கியது. ஆளியைப் போட்டவுடன் படம் வரையும் சிப் தயாராக இருப்பதில்லை. அதற்குக் கொஞ்ச நேரம் தேவை. கொக்கானிலோ அது பிறந்த கணத்திலேயே தயார்.

"என்ட கொக்கான் நல்ல புள்ள. நான் விட்ட பிழையெல்லாத்தையும் மன்னிச்சிரிக்கு" என்றாள் ஸாஜித்திடம்.

"அதத் திருத்தேலாதா?"

"கொக்கானையும் திருத்தணும், என்ட நிரலையும் திருத்தணும்."

நிரலில் ஒரு காத்திருப்பைச் சேர்த்துக் கசற்றில் ஏற்றினாள். ஆளியைப் போட்டதும் நீலத் திரையில் வெள்ளையாக ஒரு எண் வந்து நின்றது. நல்லரத்தினம் கைதட்டினார். அந்த எண் எதைச் சொல்கிறது என்று அவருக்குத் தெரியாது. கறுப்புத் திரை போய் ஏதோ வந்துவிட்டது என்பதே அவருக்குப் போதும்.

அந்த எண் ஜப்பான் கணக்கிலும் அடங்கவில்லை, ஐரோப்பியக் கணக்கிலும் அடங்கவில்லை. படத்தை வரைந்து முடித்த பிறகு, இந்தப் பெட்டி உடனே அறிவிக்காமல் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் அறிவிக்கிறது. நகல் செய்தவன் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறான். ஜப்பானுக்காக எழுதிய ஆட்டங்கள் நம்முடைய டிவிகளிலும் குழம்பாமல் ஓடவேண்டும் என்பதற்காக. அந்த முகம் தெரியாத ஆளின் கெட்டித்தனத்தை நினைத்து ஸஹ்லா வாய்விட்டுச் சிரித்தாள். அங்கேயே உட்கார்ந்து கொக்கானில் மூன்றாவது கணக்கைச் சேர்த்தாள். கீழ்ப்பாதி ஆறு நடுங்காமல் நின்றது.

"அக்கா, இதில ஒருக்கா விளையாடிப் பாருங்க" என்று மடிக்கணினியைச் சீதேவிப்பிள்ளைப் பக்கம் திருப்பினாள்.

சீதேவிப்பிள்ளை விசைப்பலகையில் விரலை வைத்து இரண்டு தடவை பாய்ந்தாள். "ஓணான் நம்மட ஓணான்தான். ஆனா இந்தப் பொத்தான்ல மனிசர் விளையாட ஏலாது" என்று தள்ளிவிட்டாள்.

புறப்படும்போது, என்ன தரவேண்டும் என்று ஸஹ்லா கேட்டாள். நல்லரத்தினம் தலையைச் சொறிந்தார்.

"ஒண்டும் வேணாம். ஒரு விசயம் செய்யேலுமா எண்டு மட்டும் சொல்லுங்க. இந்த ஆட்டத்தில புள்ளி ஒரு லெச்சத்தத் தொட்டா திரும்பப் பூச்சியத்துக்குப் போகுது. நாங்க ரெண்டு பேரும் எத்தினயோ தரம் தாண்டிட்டம். ஆரு கூட எண்டு இன்னும் தெரியாது."

"தெரியும். நான்தான்" என்றாள் சீதேவிப்பிள்ளை.

ஸஹ்லாவுக்கு இதைவிட இனிப்பான வேலையை யாரும் தந்ததில்லை. அடுத்த கிழமை முழுவதும் காலைகளில் அதையே செய்தாள். ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி, புள்ளி எங்கே சேமிக்கப்படுகிறது என்று கண்டுபிடித்தாள். ஆறாவது இலக்கத்துக்குச் சிப்பின் ஞாபகத்தில் இடம் இருந்தது, திரையில் இருக்கவில்லை. புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இலக்கத்தைப் போட்டாள். அந்த ஆட்டத்தைப் புதுக் கசற்றில் ஏற்றிக்கொண்டு, இந்தமுறை பிள்ளைகளோடு போனார்கள்.

நல்லரத்தினம் திரையை உற்றுப் பார்த்தார். "எழுத்தொண்டக் காணல்லயே தங்கச்சி."

"அது உங்கட லெச்சத்துக்கு இடம் விட்டுட்டுப் போயிட்டு அண்ணன்."

அன்று சீதேவிப்பிள்ளை ஸஹ்லாவையும் ஆடவைத்தாள். சிப்பின் உள்ளும் புறமும் அறிந்தவள் முதல் கிளையிலேயே ஆற்றில் விழுந்தாள். மூத்த மகள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த வீட்டு அடுக்களையில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றியது ஸஹ்லாதான்.

சில நாட்களில் தொலைபேசி அழைப்பு வந்தது. லட்சத்தைத் தாண்டிவிட்டதாகச் சீதேவிப்பிள்ளை கத்தினாள். பின்னாலிருந்து நல்லரத்தினம், அது புதுக் கசற்றின் கோளாறு, திரும்ப அளக்கவேண்டும் என்று கத்துவதும் கேட்டது. கோளாறு இல்லை என்று ஸஹ்லா தீர்ப்புச் சொன்னாள்.

கொக்கானின் அந்தப் பதிப்பு வந்ததும் தினாரா அல்மாட்டியிலிருந்து ஒரு படம் அனுப்பினாள்: நடுங்காத ஆறு. அவளுடைய பெட்டியும் இதே வகைதான் போலும். அதன் பிறகு ஸஹ்லாவின் கருவியை வைத்து அவளே ஒரு ஆட்டம் எழுதத் தொடங்கியிருக்கிறாள். மலையில் ஆடு மேய்க்கிற ஆட்டம். முடிந்த பகுதியை அவ்வப்போது அனுப்புகிறாள். ஸஹ்லாவின் மகள்கள் பள்ளிவிட்டு வந்ததும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆடு ஒன்று பாறைக்குள் புகுந்து வெளியே வர மறுக்கிறது. அது தினாராவின் பிழையா, கொக்கானின் பிழையா என்று ஸஹ்லாவும் தினாராவும் இப்போது எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருவருக்கும் ஒரு அவசரமும் இல்லை.