பதினொன்றாவது குறையும் ஹைடல்பெர்க் பீப்பாயும்

1. வெள்ளிக்கிழமை ஜெர்மனியில், எங்கள் ஓசூர் ஆலைக்காகச் செய்யப்பட்ட இயந்திரத்தைப் பரிசோதித்துப் பதினொரு குறைகள் எழுதினேன்.
2. எங்கள் மேலாளர் பத்தை ஏற்றுக்கொண்டார். பதினொன்றாவதை அடித்துவிட்டார்.
3. ஞாயிற்றுக்கிழமை ஹைடல்பெர்க் கோட்டையைப் பார்க்கப் போனோம்.
4. திங்கட்கிழமை பதினொன்றாவது குறை பட்டியலுக்குத் திரும்பியது.

அது எண்ணெய்த் தொட்டியைப் பற்றியது. படுக்கவைத்த உருளை வடிவத் தொட்டி. ஆனால் எண்ணெய் மட்டம் காட்டும் அளவுகோலில் கோடுகள் சம இடைவெளியில் இருந்தன. கால் பங்கு என்று காட்டும்போது உள்ளே ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதை நம்பி ஓட்டினால் பம்பு காற்றை இழுக்கும், உற்பத்தி லைன் நிற்கும். நான் பொறுப்பேற்ற முதல் பரிசோதனை அது. ஓசூரில் லைன் நின்றால் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

"ஜெர்மன்காரன் கோடு தப்பாப் போடுவானாம்மா? வந்த எடத்துல மானத்த வாங்காத" என்றார் மேலாளர்.

கோட்டை ஆற்றுக்கு மேலே, சிவப்புக் கல்லில், பாதி இடிந்து நிற்கிறது. நிலவறையில் முதலில் ஒரு பீப்பாய் வந்தது. எங்களுடன் வந்திருந்த பராமரிப்பு மேற்பார்வையாளரான கெலமங்கலத்து அண்ணன் அதன் முன் நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"அண்ணா, இது சின்னது. பெருசு உள்ள இருக்கு" என்றேன்.

உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தார். ஒரு மரவீட்டையே படுக்கவைத்ததுபோல் இருந்தது. இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்குமாம். மேலே ஏறப் படிக்கட்டு. ஏறினால் நடனமாட மேடை.

நான் அதன் வட்ட முகப்பில் கால்வாசி உயரத்தைக் கையால் காட்டினேன். "சார், இதுவரைக்கும் ஒயின் இருந்தா எவ்வளவு?"

"கால் பங்கு. அம்பதாயிரம் லிட்டர்" என்றார் மேலாளர்.

அண்ணன் குனிந்து பார்த்தார். "அடியில ஒடுங்கிக்கிட்டுல்ல போவுது. கால் பங்கு எங்க சார் புடிக்கும்? தொப்பை பூரா நடுவுல இருக்குது." சட்டென்று மேலாளரின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பீப்பாயத்தான் சொன்னேன் சார்" என்றார்.

மேலாளர் சிரிக்கவில்லை. தானும் குனிந்து பீப்பாயின் அடியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அந்தப் பதினொன்னாவது பாயிண்ட்ட நாளைக்கு நீயே சொல்லிரு. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

மறுநாள் ஜெர்மன் ஆலையில் சொன்னேன். ஜெர்மன் பொறியாளர் மறுக்கவில்லை, நம்பவும் இல்லை. தொட்டியைக் காலி செய்து, எண்ணெயை அளந்து அளந்து ஊற்றச் சொன்னார். ஐந்தில் ஒரு பங்கு போனபோதே எண்ணெய் கால் பங்குக் கோட்டைத் தாண்டிவிட்டது. அவர் அளவுகோலைக் கழற்றிக்கொண்டு தன் மேசைக்குப் போனார். மாலைக்குள் புதுக் கோடுகள் வந்தன: நடுவில் நெருக்கமாக, இரு முனைகளிலும் அகலமாக.

மேலாளர் ஓசூருக்குப் போன் போட்டார். "நம்ம பொண்ணு ஜெர்மன்காரனையே கோட்ட மாத்த வச்சிருச்சுய்யா!" அந்தக் கூடம் முழுவதும் கேட்டது. யாருக்கும் தமிழ் தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இயந்திரம் இப்போது ஓசூரில் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. எண்ணெய் இல்லாமல் ஒருமுறையும் நின்றதில்லை. ஏற்புச் சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து.