உறையில் எழுதும் பெயர்

அல்சூரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துத் தனியாக ஒரு சிற்றிதழ் நடத்துகிறேன். சில புத்தகங்களும் போட்டிருக்கிறேன். பிழை திருத்துவது, உறையில் முகவரி எழுதுவது, தபாலில் சேர்ப்பது எல்லாம் நான்தான். இதழ் கிடைத்ததும் போன் செய்து என்னோடு சண்டை போடும் வாசகர் ஒருவர்தான், ஜீவனஹள்ளி தேவராஜ். கடைசி இரண்டு இதழ்களுக்கு அவரிடமிருந்து போனே வரவில்லை. இவரும் படிப்பதை விட்டுவிட்டாரா என்ற எரிச்சலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். "அவரு தவறிட்டாரு சார். மழைக்கு முன்னாடியே," என்றார். அலமாரியில் அந்த இரண்டு இதழ்களும் உறை பிரிக்காமல் இருந்தன.

"நீங்க படிக்கலாமேம்மா?"

"தமிழ் பேசத்தான் வரும் சார். ஸ்கூல்ல கன்னடம்தான் படிச்சேன்."

"சரி, இனிமே அனுப்பலை. பேரை எடுத்துடறேன்," என்றேன். அவருக்கு ஒரு தொந்தரவு குறையும் என்றுதான் நினைத்தேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வேணாம் சார், அனுப்புங்க. புதுசா வந்த போஸ்ட்மேனுக்கு விஷயம் தெரியாது. கேட்டாண்ட நின்னு 'தேவராஜ், தேவராஜ்'னு கூப்புடுவாரு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட இப்ப வேற யாரு இருக்காங்க?"

அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போதும் உறையில் அந்தப் பெயரை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்வேன். அன்றைக்கு முழுவதும் என் அறையில் கேட்கும் பேச்சு அது ஒன்றுதான்.