நாச்சியம்மன் வளைவு

அன்று அந்த வளைவில் போனது நாச்சியம்மன் இல்லை. நான்தான். என் மின்சார வண்டிதான்!

சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாகத் தொண்டையிலேயே நின்றதை, முகம் தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியவளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கோழைப்பயல் என்று திட்டுகிறீர்களா? திட்டுங்கள். நானும் தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிறவன் நான். சொந்த ஊர் போளூர். மலைமேல் ஒரு வாடகை வீடு. அங்கிருந்து வேலைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸை நம்பினால் மத்தியானம்தான் போய்ச் சேரலாம். பழைய பெட்ரோல் வண்டியோ ஒவ்வொரு ஏற்றத்திலும் இருமி இருமி என் உயிரை வாங்கியது. அதனால்தான் போளூருக்குப் போய் இந்த வண்டியை எடுத்தேன்.

கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? செல்போன் மாதிரி சார்ஜ் போட்டு ஓட்டப்போகிறாயா என்றார்கள். பாதி மலையில் நின்றுபோனால் தோளில் தூக்கிக்கொண்டு போ என்றார்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கிளம்பினேன். நாலு வளைவு தாண்டுவதற்குள் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்தச் சத்தமின்மையை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! சக்கரத்தடியில் சருகு நொறுங்குவது கேட்டது. பள்ளத்தில் எங்கோ தண்ணீர் ஓடுவது கேட்டது. இறக்கத்தில் விட்டால் வண்டி தானாக மிதந்துபோகும்; பேட்டரி அளவு வேறு ஒன்றொன்றாக ஏறும்! மூட்டம் இறங்கிய சாயங்காலங்களில் பாதை தெரியாது, மரம் தெரியாது. நானும் வண்டியும் வெளிச்சமும் மட்டும்... தூக்கத்தில் பறப்போமே, அப்படி. வீடு வந்தபிறகும் கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். முப்பத்தாறு வயதில் ஒருவனுக்கு இப்படியும் ஒரு பைத்தியம் பிடிக்குமா? பிடித்தது.

மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். ஜீப்பானாலும் புளி மூட்டை ஏற்றிய மினி லாரியானாலும் அடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். நடந்துபோகிற மலை சனம் திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தத்தைக் கேட்டே ஓரம் ஒதுங்கிவிடுவார்கள்.

நானும் ஒரு மாதம் அடித்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஏன் தெரியுமா? என் கனவு கலைகிறதாம்!

இனி சென்னம்மாவைச் சொல்கிறேன். பக்கத்துக் குக்கிராமத்துக்காரி, வயது ஐம்பத்தைந்து இருக்கும். புருஷன் இல்லை. மகன் கர்நாடகாவில் வேலைக்குப் போய்விட, மருமகளோடு இருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. சாமையைக் கையில் அள்ளித் தடவிப் பார்த்தே கல் பொறுக்குவாள். சொட்டு மருந்து கேட்டு என்னிடம் வருவாள். மருந்தில் தீராதக்கா, சின்ன அறுவைதான், முகாம் பஸ்ஸே வந்து வேலூருக்கு அழைத்துப்போகும், மூன்றாம் நாள் சாமையில் கல்லைப் பார்த்தே எடுக்கலாம் என்று வாரக்கணக்காக அவளிடம் பேசினேன். கண்ணில் கத்தியா என்று பயந்தாள். கடைசியில் ஒருநாள், பேரை எழுதிக்கோங்க தம்பி, ஆனால் நாச்சியம்மன் கோயிலில் ஆத்தாளிடம் பூ கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்றாள்.

பூ கேட்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அம்மன்மேல் பூ வைத்துக் காத்திருப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம்.

பஸ் வருவதற்கு இரண்டு நாள் முந்தின சாயங்காலம். மார்கழி. நல்ல மூட்டம். நான் வேலை முடித்து இறக்கத்தில் மிதந்து வந்துகொண்டிருந்தேன். கண்ணைக்கூடப் பாதி மூடியிருந்தேன்... ஆமாம், அதையும் சொல்லிவிடுகிறேன். வளைவு வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. திரும்பியதும் பாதை நடுவில் ஒரு சேலை! கைப்பிடியை வெட்டித் திருப்பினேன். முந்தானை என் முழங்கையில் உரசியது. கடந்துவிட்டேன்.

பெட்ரோல் வண்டியாக இருந்தால், ஒன்றும் காதில் விழவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லலாம். என் வண்டியில் எல்லாம் கேட்கும். பித்தளைத் தட்டு விழுந்து தார்ரோட்டில் உருண்டது கேட்டது. "தாயே..." என்ற குரல் கேட்டது. சென்னம்மாவின் குரல்!

நிற்கவில்லை. நின்றிருந்தால் இத்தனையும் இல்லை. அடிபட்டிருக்குமோ, ஊர் கூடுமோ, நல்ல தம்பி என்கிற பேர் போய்விடுமோ... ஒரு வளைவு தாண்டுவதற்குள் எத்தனை கணக்குப் போட்டது இந்த மனசு! வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக அவளே வந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் வலியே இல்லை. அப்படி ஒரு பூரிப்பை அதற்குமுன் எந்த மனித முகத்திலும் நான் பார்த்ததில்லை.

பூ எந்தப் பக்கமும் விழவில்லையாம். சாயந்தரம் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, வழியிலாவது காட்டு தாயே என்று வேண்டிக்கொண்டே நடந்தாளாம்.

"சத்தமே இல்ல தம்பி. பின்னால ஒரு காத்து வந்துச்சு. இன்னாடான்னு திரும்புனா, அம்மாம் பெரிய வெளிச்சம்... மலை முழுக்க வெள்ள வெளேர்னு. என்னத் தொட்டுட்டுப் போய்ட்டா. ஆத்தாள நான் பாத்துட்டேன் தம்பி."

புரை விழுந்த கண்ணுக்குச் சின்ன விளக்கும் பெரிய ஜோதியாகத்தான் விரியும். எனக்குத் தெரியும். அது என் படிப்பு! வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"அவளப் பாத்த கண்ணுல கத்தி வெக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

"உங்க இஷ்டம்க்கா" என்றேன்.

நாலு நாள் கழித்துச் சொல்லியிருக்கலாம் என்று நினைக்காதீர்கள். பஸ் மறுநாளே வந்துவிட்டது. பட்டியலில் அவள் பேருக்கு நேரே கோடு இழுத்தேன். ஏன் வரவில்லை என்று முகாம்காரர்கள் கேட்டதற்கு, பயந்துவிட்டார்கள் என்றேன். யார் பயந்தது?

அவள் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று பல மாதம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அழகான சமாதானம்தான். ஆனால் நடந்த வரிசை எனக்குத் தெரியுமே! முதலில் வந்தது பயம். கருணை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஊர்க்காரர்கள் அந்த வளைவில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். பஸ்காரர்கள்கூட அங்கே நிறுத்திக் கற்பூரம் ஏற்றினார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என்ன செய்வது, நாலு பேர் பார்க்கிறார்களே!

அடுத்த வருடம் சென்னம்மாவுக்குக் கண்ணில் தாங்க முடியாத வலி. வாந்தி வேறு. நானே ஜீப் பிடித்து வேலூருக்குக் கூட்டிப்போனேன். புரை முற்றி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். இரண்டு கண்ணும்தான். போன வருடம் வந்திருந்தால் சுலபமாகப் பார்வை வந்திருக்குமே, ஏன் விட்டீர்கள் என்று என்னைத்தான் கேட்டார். மலை சனங்கள் சார், சொன்னால் கேட்பதில்லை என்றேன்.

ஆமாம். அதையும் சொன்னேன்.

இப்போது ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்கிறேன். யாருக்கு என்ன பிரயோசனம்? வெள்ளிக்கிழமைகளில் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கல்லுக்கு விளக்குப் போட வருகிறாள். அந்த நேரத்துக்கு நானும் அங்கே போய் நிற்கிறேன். ஒவ்வொரு வாரமும் இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறேன்.

போன வாரம் விளக்கைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இவளக் கேட்டா கல்லு கல்லாட்டம் இருக்குதுன்றா. நீங்க படிச்சவரு, பாத்து சொல்லுங்க தம்பி. ஆத்தா எப்டிக்கிறா?"

மருமகள் எண்ணெய்ப் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள். மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் கல்லைப் பார்த்தேன். மஞ்சள் அப்பிய, மூக்கும் வாயும் செதுக்காத வெறுங்கல்.

"நல்லா இருக்காங்கக்கா."

"சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறாங்க" என்றேன்.

அவளும் சிரித்தாள். வருகிற வெள்ளிக்கிழமையும் கேட்பாள்.