முதல் பிளேட்

புதுவாயல் கூட்டுரோட்டில் அசன் முகைதீன் பாய் போட்டிருந்த பாஸ்ட்புட் வண்டிக்குத் தாவீதுதான் மாஸ்டர். சைனா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. சென்னையில் ஓர் ஓட்டலில் நாலு வருஷம் கோஸ் நறுக்கியே தொழிலைக் கற்றுக்கொண்டவர். 2004 வாக்கில் கல்கத்தா ரோட்டின் அந்தப் பக்கத்தில் கோபி மஞ்சூரியனை முதன்முதலாக ருசித்தவர்களில் பாதிப் பேர் அவர் கையால்தான் தின்றிருப்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ரொம்ப இல்லை.

சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தால் முதல் பிளேட் அவர் மனைவி சோனியாவுக்கு. கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை முடிந்து ஷிப்ட் வேனில் வந்து இறங்குவாள். பிரஷர் இருந்ததால் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மஞ்சூரியனை அடியோடு விடச் சொன்னதை மட்டும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் அவளுக்கென்று உப்பே போடாமல், சோயா சாஸைப் பாதிக் கரண்டியாக்கி, வெங்காயத்தாளை அள்ளிப் போட்டு இறக்குவார் தாவீது.

ஐப்பசி மழையில் ஒரு நாள், தலை வலிக்கிறது என்று கம்பெனியில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை.

தாவீது அழவில்லை. அழுதால் பாரம் குறையும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். வரவில்லை, அவ்வளவுதான். எட்டாம் நாள் வண்டிக்கு வந்து வாணலியைத் தூக்கினார். எதைத் தின்றாலும் ஒரே மாதிரி இருந்தது. சூடா ஆறினதா என்று மட்டும் தெரிந்தது. நாக்கு செத்த மாஸ்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? வெளியே மூச்சு விடவில்லை. கை அளவு பிசகாது என்று நம்பி ஓட்டினார்.

தை மாதத்தில் அந்த நம்பிக்கையும் போயிற்று. வேனிலிருந்து எப்போதும் முதல் ஆளாக இறங்கி ஓடிவரும் மணவாளன், அன்றைக்குப் பிளேட்டைப் பாயிடமே நீட்டினான்.

"மாஸ்டருக்கு இன்னா ஆச்சி பாய்? எல்லாருக்கும் நல்லாத்தான் போட்றாரு. எனக்கு மட்டும் டெய்லி சப்புனு கீது."

வேலை போகப்போகிறது என்று தாவீது நினைத்தார். அதற்காகக்கூட நெஞ்சு படபடக்கவில்லை.

பாய் ஒரு துண்டைக் குச்சியில் குத்தி வாயில் போட்டு மென்றார். வேனைப் பார்த்தார். மணவாளனுக்கு வேறு பிளேட் போடச் சொல்லிவிட்டு, அவன் நகர்ந்ததும் பழைய பிளேட்டைத் தாவீதிடம் தள்ளினார்.

"மொத பிளேட்ட இனிமே விக்காத மாஸ்டர். இது சோனியா பிளேட்டு."

தாவீது சோயா சாஸ் கரண்டியைப் பார்த்தார். மூன்று மாதமாக அவரைக் கேட்காமலே கை அவளுக்குச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மெதுவாக மென்றார்.

"உப்பு இல்ல பாய்," என்றார்.

அது நாக்குக்குத் தெரிந்ததும்தான் அழுகை வந்தது. வேன் கூட்டம் பிளேட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.