செல்லாத பட்டயமும் செவிகொடுத்த முருகனும்

1957 ஐப்பசியில் கொடைக்கானல் நகராட்சி அலுவலகத்தில் நான் போட்ட வீட்டு வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"அங்கீகாரம் இல்லாத பள்ளிப் பட்டயமுங்க இது. லைசென்ஸ் கிடைக்காது. ஒங்க கையெழுத்தும் செல்லாது" என்றார் குமாஸ்தா.

நான்கு வருஷம் சென்னையில் கட்டடக்கலை படித்தவன் நான். எல்லாம் குப்பை. பள்ளிக்காரன் பலகையில் 'அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருந்தான். யார் கொடுத்தது என்று எழுதவில்லை. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த என் அப்பாவோ, சன்னிதியில் பூக்கட்டிப் பார்த்து என்னைச் சேர்த்தவர். வெள்ளைப் பூ வந்தால் அந்தப் பள்ளி, சிவப்பு வந்தால் கடை. வெள்ளை வந்தது.

மறுநாள் பழனிமலை ஏறினேன். கும்பிட அல்ல, முருகனோடு சண்டை போட.

"உன்னயக் கேட்டுத்தானே சேந்தேன்? இப்ப நீயே வழி சொல்லு!" என்று கத்தினேன்.

பின்னால் நின்றவர் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "ஏலே, வெரசா நகரு. அவரு ஒனக்கு மட்டுமா நிக்கிறாரு?"

வெளியே வந்து அழுதேன். அப்போதுதான் உறைத்தது. பள்ளியா கடையா என்று கேட்டோமே தவிர, அந்தப் பட்டயம் செல்லுமா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கோபம் என் மேலேயே திரும்பியது.

கீழே எங்கள் கடையில் ராவுத்தர் மாமா உட்கார்ந்திருந்தார். கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். திரும்பி வந்தது அவர் வீட்டு வரைபடம்தான். நான் அவரிடம் விட்டு வந்த அதை, கொடைக்கானலில் விடுதி கட்டிக்கொண்டிருந்த சென்னை ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் காட்டிவிட்டு வந்திருந்தார்.

"பய படிச்ச எடந்தான் பொய்யி, போட்ட கோடு பொய்யில்லீங்கன்னு சொன்னேன். வரச் சொல்றாரு. கெளம்பு மாப்ளே."

அந்த ஆர்க்கிடெக்ட் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். அடுத்த ஆனியில் அரசாங்கம் ஏற்ற பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க வைத்தார். இடம் கிடைத்தது. முதல் வருஷத்திலிருந்து மறுபடியும் ஐந்து வருஷம். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

"வேற ஆள வச்சுக் கட்டுங்க மாமா" என்றேன்.

"மலைத்தண்ணி எங்கிட்டு எறங்கும்னு நீதான பாத்த. வேற எவனாச்சும் கட்டுனா அது எங்க அடுப்புல எறங்கும்" என்று சொல்லி, ஒழுகும் பழைய வீட்டிலேயே இருந்தார்.

1964இல் லைசென்ஸ் வந்தது. முதல் கையெழுத்து அவர் வீட்டு வரைபடத்தில் போட்டேன். அதே குமாஸ்தாதான் வாங்கி முத்திரை குத்தினார். அன்றே மலையேறி மொட்டை போட்டேன்.

பக்தர்களே, பூக்கட்டிப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் அங்கே கொடுக்கும் பட்டயம் செல்லுமா என்று கடிதம் போட்டு விசாரியுங்கள். விசாரிக்காத சோம்பலை முருகன் தலையில் கட்டாதீர்கள். அதற்கும் மேல் இடிந்து போனால் மலையேறிச் சண்டை போடுங்கள். பின்னால் நிற்பவன் தள்ளினாலும் சொல்லி முடித்துவிட்டே நகருங்கள். முருகன் கேட்பான்.