கப்பல் தள்ளிப் போவதற்கு ஒரு நன்றிப் பூசை

என் தம்பி தீவுப் பக்கம் முங்கிச் சங்கு எடுக்கிறவன். எண்ணெய்க் கப்பல் ஏதாவது அங்கே தரை தட்டி, எண்ணெய் கொட்டிவிட்டால் சங்கும் போச்சு, அவன் பிழைப்பும் போச்சு என்று எனக்கு எப்போதும் பயம். கப்பல்கள் தீவை விட்டுத் தள்ளிப் போகவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் தம்பி ஓடிவந்தான். கடற்கரையில் அதிகாரிகள் கூட்டம் போட்டார்களாம். எண்ணெய்க் கப்பல்களை இனிமேல் தீவுகளை விட்டு ஒதுங்கி ஆழக்கடல் வழியாக அனுப்பப் போகிறார்களாம். அன்றைக்கே கோயிலுக்குப் போய், பூசைக் கருத்துகளை எழுதிக்கொள்ளும் உபதேசியாரிடம் நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் வீட்டில் மீன்குழம்பு ஊற்றும்போதுதான் வீட்டுக்காரர் கேட்டார். கூட்டத்தன்று அவர் கடலில் இருந்தார்.

"ஏளா, ஆழக்கடல்னா எங்கன? நான் வலை விடுத இடம்லா அது?"

கரண்டி அப்படியே நின்றது. சாயங்காலம் வலையை விட்டுவிட்டு, விடியும்வரை வள்ளத்தில் அதன் ஓரத்திலேயே கிடப்பவர் அவர். மலை மாதிரி வருகிற கப்பலுக்கு வள்ளம் எங்கே தெரியப்போகிறது?

"தம்பி மேல எண்ணெய் படாம, புருசன் மேல கப்பல ஏத்திவிட்டுட்ட. அதுக்குப் பூசை வேற!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலமே உபதேசியாரிடம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, காலையில வச்ச நன்றிப் பூசைய திரும்ப வாங்க முடியுமா?"

"கடையில எடுத்த சேலையா ஏளா அது, மாத்திக் கேக்க?" என்றவர், விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சரி, இப்ப என்ன கருத்துக்கு வைக்கணும்? கப்பல் கிட்ட வரணுமா, தள்ளிப் போகணுமா?"

கிட்ட வந்தால் தம்பி. தள்ளிப் போனால் வீட்டுக்காரர். நடுவில் போகட்டும் என்று கேட்கலாமா? நடுவில் யாருடைய வலை கிடக்கிறதோ. அவன் பெண்டாட்டியும் எந்தக் கோயிலிலாவது முட்டிபோட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

"தெரியலையே அண்ணாச்சி. கடல்ல கிடக்கவங்க எல்லாருக்கும்னு வச்சிருங்க."

"அது தினமும் வேண்டுததுதான ஏளா?"

திங்கட்கிழமை வீட்டுக்காரர் வலையை ஏற்றிக்கொண்டு போனார். நான் மாதா முன்னால் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு நின்றேன். அவர் பெயரைச் சொன்னேன், தம்பி பெயரைச் சொன்னேன். கப்பலை எங்கே போகச் சொல்வது என்றுதான் வாய்க்கு வரவில்லை.